பயத்துக்கு ஒரு மாத்திரை: எத்தனை நாள்?

திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. கை நடுங்குகிறது. மூச்சு முட்டுகிறது. உடம்பு வேர்க்கிறது. தலை சுற்றுகிறது. விரல் நுனி மரத்துப்போகிறது. ‘செத்துப்போய்விடுவோமோ’ என்று தோன்றுகிறது. பக்கத்தில் பாம்பும் இல்லை, திருடனும் இல்லை. ஆனாலும் பயம்!

உங்களுக்கு இப்படி வந்ததுண்டா? உங்கள் வீட்டில் யாருக்காவது வந்ததுண்டா?

இப்படி வருவதைப் பயத் தாக்குதல் என்று சொல்லலாம். இதற்கு வேகமாக வேலை செய்யும் மாத்திரைகள் உண்டு. அவை நல்ல மருந்துகள்தான். ஆனால் சில நாள்களுக்கு மட்டுமே நல்லவை. அதிக நாள் சாப்பிட்டால் அவையே நம்மைப் பிடித்துக்கொள்ளும். அது எப்படி? வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

கொண்டாப்பூரில் ஒரு வாழ்க்கை

ஹைதராபாத் நகரில் கொண்டாப்பூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. முன்பு அது கிராமம். இன்று அங்கே வானத்தைத் தொடும் கட்டடங்கள். பக்கத்திலேயே ஹைடெக் சிட்டி. கணினி வேலை செய்பவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கட்டடம் கட்டுபவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், காவல் காப்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள் என்று உழைப்பாளிகளும் நிறைய. பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு.

ஊரை விட்டு வந்த கவலை. கடன் கவலை. பிள்ளைகள் படிப்புக் கவலை. நாளைக்கு வேலை உண்டா என்ற கவலை. கவலை கூடினால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் பயம் கூடும். குளுகுளு அறையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் இது வரும். வெயிலில் கல் சுமப்பவருக்கும் வரும். பணக்காரர், ஏழை என்ற வேறுபாடு இதற்கு இல்லை.

பயம் ஏன் வருகிறது?

பயம் நம் எதிரி அல்ல. அது நம்மைக் காப்பாற்றுவதற்காக வருவது.

சாலையைக் கடக்கிறோம். லாரி ஒன்று வேகமாக வருகிறது. உடனே மூளை எச்சரிக்கை மணி அடிக்கிறது. உடம்பில் அட்ரினலின் என்ற பொருள் ஊறுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வேகமாகிறது. கால்களுக்கு ரத்தம் பாய்கிறது. நாம் ஓடித் தப்பிக்கிறோம்.

சில நேரம் இந்த மணி காரணம் இல்லாமல் அடித்துவிடும். லாரி இல்லை. ஆனால் மணி அடிக்கிறது. இதயம் ஓடுகிறது. இதுதான் பயத் தாக்குதல்.

இது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகும். பிறகு மெல்ல மெல்ல இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பயத் தாக்குதலால் மட்டும் யாரும் சாவதில்லை. பைத்தியம் பிடிப்பதும் இல்லை. இதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு அடைக்கும், வேர்க்கும். ஆகவே முதல் முறை இப்படி வந்தால் நாமே முடிவு செய்யக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108 எண்ணுக்கு போன் செய்யலாம். அங்கே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். தைராய்டு நோய், ரத்த சோகை, சர்க்கரை குறைவது ஆகியவற்றாலும் படபடப்பு வரும். அதையும் சோதித்துப் பார்ப்பார்கள்.

வேகமான மாத்திரை

சோதனையில் இதயம் நன்றாக இருக்கிறது. வேறு நோய் இல்லை. ‘இது பயத்தால் வந்தது’ என்கிறார் டாக்டர். சில நேரம் ஒரு சின்ன மாத்திரையும் எழுதித் தருகிறார். அதன் பெயர் அல்பிரசோலமாக இருக்கலாம். லோரசிபாம், குளோனசிபாம், டயசிபாம் என்றும் இருக்கலாம். இவை எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள்.

இவை எப்படி வேலை செய்கின்றன?

வண்டிக்கு பிரேக் இருக்கிறது அல்லவா? நம் மூளைக்கும் பிரேக் உண்டு. அதன் பெயர் காபா. மூளை மிக வேகமாக ஓடும்போது காபா அதை நிதானப்படுத்துகிறது. இந்த மாத்திரைகள் அந்த பிரேக்கை இன்னும் அழுத்துகின்றன. பயம் குறைகிறது. உடம்பு தளர்கிறது. தூக்கம் வருகிறது.

அல்பிரசோலம் சாப்பிட்டால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் பலன் தெரியத் தொடங்கும். இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பயத் தாக்குதல் பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்குகிறது. மாத்திரை வேலை செய்ய அரை மணி ஆகிறது. அப்படியானால் பல நேரம் பயம் தானாகவே அடங்கியிருக்கிறது. நாமோ மாத்திரைதான் காப்பாற்றியது என்று நினைக்கிறோம். அடுத்த முறையும் மாத்திரையைத் தேடுகிறோம். பிறகு மாத்திரை பையில் இல்லை என்றாலே பயம் வருகிறது!

இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது?

லியோ ஸ்டெர்ன்பாக் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். அவர் ஹாப்மன் லா ரோச் என்ற மருந்து நிறுவனத்தில் வேலை செய்தார். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தை அவர்தான் கண்டுபிடித்தார். அது 1960ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 1963இல் டயசிபாம் வந்தது. வாலியம் என்ற பெயரில் அது உலகம் முழுவதும் பரவியது. 1981இல் அமெரிக்காவில் அல்பிரசோலம் விற்பனைக்கு அனுமதி பெற்றது.

முதலில் டாக்டர்களே மகிழ்ந்தார்கள். அதற்கு முன் இருந்த தூக்க மருந்துகள் மிகவும் ஆபத்தானவை. இவை அவற்றை விடப் பாதுகாப்பாக இருந்தன. லட்சக்கணக்கான பேர் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டார்கள். பிறகுதான் உண்மை தெரிந்தது. பலரால் இந்த மாத்திரையை நிறுத்த முடியவில்லை.

1988இல் இங்கிலாந்தின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் அறிவுரை சொன்னது. பதற்றம் மிகவும் கடுமையாக இருந்தால் மட்டும் இவற்றைக் கொடுங்கள். அதுவும் இரண்டு முதல் நான்கு வாரம் வரைதான் கொடுங்கள் என்றது. 2020இல் அமெரிக்க மருந்துத் துறையும் எச்சரித்தது. இந்த மருந்துகளுக்கு அடிமையாகும் ஆபத்து உண்டு என்பதை மருந்தின் விவரத் தாளில் கட்டம் கட்டிப் போடச் சொன்னது.

ஏன் சில நாள் மட்டும்?

தினமும் மாத்திரை சாப்பிட்டால் என்ன ஆகும்? மூளை அதற்குப் பழகிவிடும். தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திக்கொள்ளும். முதலில் ஒரு மாத்திரை போதும். பிறகு அதே பலனுக்கு இரண்டு வேண்டும். பிறகு மூன்று.

அப்போது ஒருநாள் மாத்திரையை நிறுத்தினால்? மருந்து பிரேக்கும் இல்லை. சொந்த பிரேக்கும் தளர்ந்துபோயிருக்கிறது. மூளை தறிகெட்டு ஓடும். தூக்கம் வராது. கை நடுங்கும். வேர்வை கொட்டும். பயம் முன்னைவிட அதிகமாக வரும். சிலருக்கு வலிப்பு வரும். சிலருக்குப் புத்தி குழம்பும். உயிருக்கே ஆபத்து வரலாம்.

அதனால் இரண்டு பாடங்கள். தேவைக்கு மேல் ஒரு நாளும் சாப்பிடக் கூடாது. பல வாரம் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லும்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மாடியிலிருந்து படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். குதிக்கக் கூடாது.

ஒரு சின்னக் கதை

இது கற்பனைக் கதை. ஆனால் எங்கும் நடக்கக்கூடியது.

கொண்டாப்பூரில் ஒரு கட்டட வேலை. சாப்பாட்டு நேரம். இளம் சித்தாள் ஒருத்தி சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். மூத்த சித்தாள் பக்கத்தில் வருகிறாள்.

“ஏன்டி தங்கச்சி, சாப்பிடலையா?”

“படபடன்னு வருது அக்கா. ராத்திரி தூக்கமே இல்ல. ஊர்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்ல.”

“இந்தா, இந்த மாத்திரையைப் போட்டுக்க. நானும் இதைத்தான் போடறேன். நிம்மதியாத் தூங்கலாம்.”

“நீங்க எத்தனை நாளாப் போடறீங்க அக்கா?”

“அது ஆச்சு, ரெண்டு வருஷம். முதல்ல அரை மாத்திரை. இப்போ ரெண்டு. போடலைன்னா கை நடுங்குது.”

இளையவள் மாத்திரையை வாங்கவில்லை. “அக்கா, நீங்க எனக்குக் குடுக்க வேணாம். நாம ரெண்டு பேருமே டாக்டரைப் பார்ப்போம்” என்றாள்.

மறுநாள் இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் இளையவளைச் சோதித்தார். பேசச் சொல்லிக் கேட்டார். “மாத்திரை இப்போ தேவையில்லம்மா. மூச்சுப் பயிற்சி சொல்லித் தரேன். அடுத்த வாரம் வாங்க” என்றார்.

பிறகு மூத்தவளிடம் சொன்னார்: “அம்மா, நீங்க பயப்படாதீங்க. நிறுத்த முடியும். ஆனா இன்னிக்கே நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு வாரமும் வாங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். சில மாசம் ஆகும். முடியும்.”

மூத்தவள் கெட்டவள் அல்ல. அன்பினால்தான் மாத்திரையைக் கொடுத்தாள். ஆனால் ஒருவரின் மருந்து இன்னொருவருக்கு மருந்து ஆகாது. இளையவள் உயரத்தில் சாரத்தின் மேல் நிற்பவள். மாத்திரை மயக்கத்தில் கால் தவறினால் என்ன ஆகும்?

கள்ளுக்குள் ஒளிந்த மாத்திரை

இதுவரை சொன்னது கற்பனை. இனிச் சொல்வது நடந்த செய்தி.

தெலங்கானாவில் கள் குடிக்கும் பழக்கம் பழையது. ஆனால் மரத்திலிருந்து இறங்கும் கள் எல்லாருக்கும் போதாது. அதனால் சிலர் தண்ணீரைக் கலந்து, போதைக்காக மருந்துப் பொடியையும் கலந்து விற்கிறார்கள். டயசிபாமும் அல்பிரசோலமும் இப்படிக் கலக்கப்படுகின்றன. குடிப்பவருக்கு இது தெரியாது. அவர் கள் குடிப்பதாக நினைக்கிறார். உண்மையில் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்!

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் கலப்படக் கள்ளை அரசு கடுமையாகத் தடுத்தது. நிஜாமாபாத், மகபூப்நகர் போன்ற மாவட்டங்களில் பலருக்கு உடம்பு கெட்டது. கை கால் நடுங்கின. வலிப்பு வந்தது. இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தது. பலர் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். ஹைதராபாத்தின் எர்ரகட்டாவில் உள்ள மனநல மருத்துவமனையிலும் கூட்டம் சேர்ந்தது. கள் கெட்டதால் வந்த நோய் அல்ல இது. கள்ளில் இருந்த மருந்து திடீரென்று நின்றதால் வந்தது.

2025ஆம் ஆண்டு ஜூலையில் இன்னொரு துயரம். கொண்டாப்பூரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கூக்கட்பள்ளி. அங்கே கலப்படக் கள் குடித்த பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. சிலருக்குச் சிறுநீரகம் பாதித்தது. பலர் நிம்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துபோனார்கள். கள்ளைச் சோதித்தபோது அதில் அல்பிரசோலம் இருந்தது தெரிந்தது.

டாக்டர் கையில் கால் மில்லிகிராம், அரை மில்லிகிராம் என்று அளந்து கொடுக்கும் மருந்து அது. அளவில்லாமல் கொட்டினால் விஷம்.

யார் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்?

மது, கள், சாராயம் குடிப்பவர்கள். மதுவும் மூளையின் பிரேக்கை அழுத்தும். மாத்திரையும் அழுத்தும். இரண்டும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

கடுமையான வலி மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ சாப்பிடுபவர்கள். இவையும் மூச்சை அடக்கும்.

வயதானவர்கள். அவர்களுக்குத் தள்ளாட்டம் வரும். விழுந்து இடுப்பு எலும்பு முறியலாம். ஞாபக மறதியும் கூடும்.

வண்டி ஓட்டுபவர்கள், உயரத்தில் நிற்பவர்கள், இயந்திரத்தில் வேலை செய்பவர்கள்.

மூச்சு நோய் உள்ளவர்கள். கல்லீரல் நோய் உள்ளவர்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள். இவர்கள் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அட்டையைப் படிப்போம்

நமக்கு இப்போது எழுத்தும் எண்ணும் தெரியும். அதை மருந்துக்கடையில் பயன்படுத்துவோம்.

அல்பிரசோலம், டயசிபாம் ஆகியவை எச்1 என்ற பட்டியலில் உள்ள மருந்துகள். இந்தப் பட்டியல் 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. இந்த மருந்துகளின் அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருக்கும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் சிவப்புக் கட்டம் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்தால் நில்லுங்கள். ‘இது சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து’ என்று புரிந்துகொள்ளுங்கள்.

இந்த மருந்தை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், எத்தனை என்ற கணக்கு எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஒரு கடை கொடுத்தால் அது நமக்குச் செய்யும் உதவி அல்ல.

அடுத்து எண்ணைப் பாருங்கள். 0.25 என்றால் கால் மில்லிகிராம். 0.5 என்றால் அரை மில்லிகிராம். எண் சின்னதாக இருப்பதால் மருந்தும் லேசானது என்று நினைக்காதீர்கள். அரை மில்லிகிராம் அல்பிரசோலம், 5 மில்லிகிராம் டயசிபாமுக்குக் குறைந்தது அல்ல.

டாக்டரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது எதற்கு? ஒரு நாளைக்கு எத்தனை? எத்தனை நாள்? எப்படி நிறுத்துவது? பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அல்லது அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

மாத்திரையைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். யாராவது அதிகமாகச் சாப்பிட்டு, எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் உடனே 108 எண்ணை அழையுங்கள். அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அப்படியானால் பயத்துக்கு என்ன வழி?

வழி உண்டு. பயம் வரும்போது ஓடாதீர்கள். உட்காருங்கள். மனதுக்குள் நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம் இப்படிச் செய்யுங்கள். ‘இது பயம். வந்தது போல் போய்விடும்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். பயம் இல்லாத நாள்களிலும் பழகுங்கள். நீச்சலைக் கரையோரத்தில் பழகினால்தானே ஆழத்தில் உதவும்?

டீயையும் காபியையும் குறையுங்கள். மதுவை விடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் படுங்கள். மனதில் இருப்பதை நம்பிக்கையானவரிடம் சொல்லுங்கள்.

இவை போதாவிட்டால் இரண்டு நல்ல மருத்துவம் உண்டு. ஒன்று, பேசிச் செய்யும் மருத்துவம். மனநல ஆலோசகர் நம்மோடு உட்கார்ந்து, பயத்தை எதிர்கொள்ளப் பழக்குவார். மற்றொன்று, மெல்ல வேலை செய்யும் மாத்திரைகள். செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் போன்றவை அவை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். மேலும் மேலும் கேட்கும் பழக்கம் இவற்றால் வருவதில்லை. குணமான பிறகும் பல மாதம் சாப்பிடச் சொல்வார்கள். இவற்றையும் நாமாக நிறுத்தக் கூடாது.

மெல்ல வேலை செய்யும் மருந்து பலன் தரும் வரை சில நாள் தாங்கிப்பிடிக்க வேண்டும். சிலருக்கு அதற்குத்தான் வேகமான மாத்திரை. கால் முறிந்தவருக்கு ஊன்றுகோல் போல. எலும்பு கூடியதும் ஊன்றுகோலைக் கீழே வைக்கிறோம் அல்லவா?

எங்கே போவது?

கொண்டாப்பூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஹைதராபாத்தில் பல இடங்களில் பஸ்தி தவாகானா என்ற சின்ன அரசு மருத்துவ நிலையங்கள் உண்டு. அங்கே இலவசமாக டாக்டரைப் பார்க்கலாம். மனநலத்துக்கென்றே எர்ரகட்டாவில் பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது.

போக முடியாவிட்டால் போன் செய்யலாம். டெலி மனாஸ் என்ற மத்திய அரசின் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. எண்: 14416. கட்டணம் இல்லை. இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. பயத்துக்கு மருத்துவம் பார்ப்பது வெட்கம் அல்ல. காய்ச்சலுக்குப் பார்க்கிறோம். அதுபோல்தான் இதுவும்.

நினைவில் வைப்போம்

பயத் தாக்குதல் வரும், போகும். அது உயிரை எடுக்காது.
முதல் முறை வந்தால் டாக்டரிடம் காட்டுவோம்.
வேகமான மாத்திரை சில நாளுக்கு மட்டும்.
மதுவோடு, கள்ளோடு ஒருபோதும் சேர்க்க மாட்டோம்.
மற்றவர் மாத்திரையை வாங்க மாட்டோம். நம் மாத்திரையைக் கொடுக்க மாட்டோம்.
நெடுநாள் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்த மாட்டோம். டாக்டர் சொற்படி குறைப்போம்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் தெருவில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கிடைக்கிறதா? அதைத் தடுக்க நாம் என்ன செய்யலாம்?
2. கதையில் வரும் மூத்த சித்தாள் நம் அக்காவாக இருந்தால், நாம் எப்படி உதவுவோம்?
3. வீட்டில் உள்ள ஒரு மருந்து அட்டையை எடுங்கள். சிவப்புக் கட்டம் இருக்கிறதா? எத்தனை மில்லிகிராம்? எந்த ஆண்டு வரை பயன்படுத்தலாம்? படித்துச் சொல்லுங்கள்.